ஆறடி அகலம், ஆறங்குல உயரம்!

ஒரு நகரம் யாருக்குச் சொந்தம் என்று அறிய வேண்டுமா? அதன் மாளிகைகளைப் பார்க்க வேண்டியதில்லை. மேம்பாலங்களை எண்ண வேண்டியதில்லை. அதன் பிளாட்பாரத்தைப் பார்த்தால் போதும்.

செத்தவனுக்கு ஆறடி நிலம் சொந்தம் என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உயிரோடு நடப்பவனுக்கு எத்தனை அடி சொந்தம்? அதற்கும் விதி இருக்கிறது. அதுவும் ஆறடிதான்! செத்தவனுடைய ஆறடிக்கே சாதி பார்த்துத் தகராறு செய்யும் நாடு இது. உயிரோடு நடப்பவனுடைய ஆறடியை மட்டும் மரியாதையாகக் கொடுத்துவிடுமா?

மயிலாப்பூரையும் தியாகராய நகரையும் அடையாற்றையும் எடுத்துக்கொள்வோம். சென்னையின் செல்வம் குடியிருக்கும் வட்டாரங்கள் இவை. ஆனால் பொழுது விடிந்ததும் இந்த வீதிகளில் முதலில் வருவது யார்? கார்கள் அல்ல, கால்கள்! கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து, அடையாற்றில் இறங்கி, வீடு வீடாகப் பாத்திரம் துலக்கப் போகும் பெண்களின் கால்கள். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, உஸ்மான் சாலைக் கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்யப் போகும் இளைஞர்களின் கால்கள். மாடவீதிக்குப் பூவும் கீரையும் சுமந்து வரும் தாய்மார்களின் கால்கள். கலவைச் சட்டியும் கரண்டியுமாகப் போகும் கொத்தனார், சித்தாள்களின் கால்கள்.

2008-ஆம் ஆண்டை ஒட்டி எடுக்கப்பட்ட போக்குவரத்து ஆய்வு ஒன்று, இந்நகரின் பயணங்களில் கால் பங்குக்கும் அதிகமானவை நடந்தே நடப்பவை என்று கண்டது. பஸ்ஸில் போகிறவன் பஸ் நிற்கும் இடம் வரை நடக்கிறான். ரயிலில் போகிறவன் நிலையம் வரை நடக்கிறான். அவர்களையும் சேர்த்தால் நடக்காதவன் யார்? வீட்டு வாசலில் காரேறி, அலுவலக வாசலில் இறங்குகிற சிலரே!

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாயிற்று. நல்ல திட்டம். ஏழைப் பெண்ணின் மடியில் மாதந்தோறும் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியவள் வேலை செய்யும் வீட்டுக்குப் போய்ச் சேரும் அரை மைல் தூரத்தை எப்படிக் கடக்கிறாள்? பிளாட்பாரம் இல்லாத இடத்தில் வண்டிகளுக்கு நடுவே, இருக்கும் இடத்தில் ஏறி இறங்கி ஏறி இறங்கி, சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடக்கிறாள். பயணம் இலவசம், நடையோ உயிர்ப்பணயம்!

இதை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் நடந்து சென்றவர் மட்டும் 32,825 பேர். ஐந்தில் ஒருவர்! நாள் ஒன்றுக்குச் சுமார் 90 பேர்! ரயில் கவிழ்ந்து 90 பேர் மாண்டால் நாடு பதறுகிறது. அமைச்சர் ராஜிநாமா செய்ய வேண்டுமென்று குரல் எழுகிறது. நாள்தோறும் 90 பேர் நடந்து போகும்போதே சாகிறார்கள். எந்த அமைச்சரின் நாற்காலி ஆடிற்று?

நிற்க. விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. பெயரில் காங்கிரஸ் இருக்கிறதே என்று தோழர்கள் மிரள வேண்டாம். அது கட்சி அல்ல. 1934-இல் தொடங்கப்பட்ட சாலைப் பொறியாளர்களின் அமைப்பு. சாலை எப்படி இருக்க வேண்டும், பாலம் எப்படி இருக்க வேண்டும் என்று நாட்டுக்கே அளவு வகுத்துக் கொடுப்பது. நடைபாதைக்கென்று 1988-இல் அது ஓர் அளவு நூல் வெளியிட்டது. 2012-இல் அதைத் திருத்தியது. அந்த 2012 நூலின்படி, குடியிருப்புத் தெருவில் நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் கணக்கில் ஏறத்தாழ ஆறடி. கடைத்தெருவில் 2.5 மீட்டர், எட்டடிக்கும் சற்று அதிகம். உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அதாவது ஆறங்குலம். தலைக்கு மேலே ஏழடி உயரத்துக்கு ஒன்றும் தொங்கக்கூடாது.

இந்த ஆறடி என்பது வெறும் ஆறடி அல்ல, தடையில்லாத ஆறடி. கம்பம் போக, பெட்டி போக, மரம் போக, ஆறடி. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்காமல் போக வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் கையை எதிர்பாராமல் போக வேண்டும். அதற்குத்தான் இந்த அளவு.

அந்த நூல் இன்னொன்றும் சொல்கிறது. நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரித்துக்கொள் என்கிறது. கடை வாசலை ஒட்டி ஒரு பட்டை. அங்கே நின்று சாமான் பார்ப்பவர் நிற்கட்டும். நடுவில் நடப்பதற்கு மட்டுமே ஒரு பட்டை. அதில் ஒரு துரும்பும் கிடக்கக்கூடாது. சாலையை ஒட்டி மூன்றாவது பட்டை. விளக்குக் கம்பம், மரம், பெஞ்சு, மின்பெட்டி, பிளாட்பாரக் கடை எல்லாம் அங்கே. இதைத் தோழர்கள் நெஞ்சில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வருவோம்.

அளவு நூல் இருந்தால் போதுமா? சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் என்று ஒரு கொள்கையே வகுத்தது. இந்திய நகரங்களில் இப்படிச் செய்தது சென்னையே முதல் என்று பாராட்டும் பெற்றது. 1688-இல் பிறந்த மாநகராட்சி, இந்தியாவிலேயே மூத்தது. மூத்தவளுக்கு முதல் புத்தி வந்தது என்று நாமும் மகிழ்ந்திருக்கலாம். போக்குவரத்துக்காகச் செலவிடும் பணத்தில் நூற்றுக்கு 60 ரூபாய் நடைக்கும் மிதிவண்டிக்கும் என்றது அக்கொள்கை. 2018-க்குள் நூற்றுக்கு 80 தெருக்களில் நடைபாதை என்றது. நடந்து போகிறவர் ஒருவர்கூட விபத்தில் சாகாத நகரம் என்றது.

2018 வந்தது, போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. பெசன்ட் நகர்ச் சாலைகளில் அகலமான நடைபாதை வந்தது. தியாகராய நகரில், பாண்டி பஜார் என்று ஊரே அழைக்கும் தியாகராயர் சாலையில், ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவில் வளாகமே எழுந்தது. 2019 நவம்பரில் அதைத் திறந்து வைத்தார்கள். இன்று மாலையில் போய்ப் பாருங்கள். கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் ஓடி விளையாடுகின்றன, வேலை முடிந்து போகும் கடைப் பையன்கள் கொஞ்ச நேரம் காற்று வாங்குகிறார்கள். இடம் கொடுத்தால் மக்கள் நடப்பார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். நல்லதை நல்லதென்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை.

ஆனால் அந்த ஒரு வீதியைக் காட்டி ஊரையே ஏய்க்க விடமாட்டோம்! பட்டுப்புடவைக் கடைக்குப் போகும் வழி பளபளக்கிறது. அந்தக் கடையில் வேலை செய்பவன் வீடு திரும்பும் வழி எப்படி இருக்கிறது? அவனுக்காக மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைமேடை கட்டி, 2023 மே மாதத்தில் திறந்தார்கள். சுமார் 28 கோடி ரூபாய் செலவு. ரங்கநாதன் தெரு நெரிசலிலிருந்து பலரை அது காப்பாற்றுகிறது. அதை நாம் குறை சொல்லவில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தரையிலே இடம் யாருக்கு? வண்டிக்கு. வானத்திலே இடம் யாருக்கு? நடப்பவனுக்கு. இது என்ன நியாயம்? வண்டி ஏறிப் போனால் பெட்ரோல் செலவாகும். மனிதன் ஏறிப் போனால் முழங்கால்தானே தேயும் என்ற கணக்கா?

கான்கிரீட் போடும் கதைக்கு வருவோம். நம் வாசகர்களில் பலர் அந்த வேலையைத் தங்கள் கையாலேயே செய்பவர்கள். அவர்களுக்கு நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அறிந்ததை ஊர் அறிய எழுதுகிறோம்.

மண்ணை நன்றாக இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் மெலிந்த கலவையில் ஒரு படுகை போட வேண்டும். அதன்மேல் கான்கிரீட். வெயிலில் விரியவும் குளிரில் சுருங்கவும் இடைவெளி விட வேண்டும். மழைத் தண்ணீர் தேங்காமல் வழியச் சிறு சாய்வு வேண்டும். மேற்பரப்பைத் துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். பிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் காட்டி ஈரம் காக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமும் இந்த ஏழு நாளைத்தான் சொல்கிறது. கொத்தனாருக்குத் தெரியும், மேஸ்திரிக்குத் தெரியும், காண்டிராக்டருக்கும் தெரியும். ஏழு நாள் தண்ணீர் காணாத கான்கிரீட் ஏழே மாதத்தில் பல்லிளிக்கும். அப்போது என்ன செய்வார்கள்? அடுத்த டெண்டர் விடுவார்கள்! உடைப்பதற்கு ஒரு பில், போடுவதற்கு ஒரு பில். நடப்பவன் தடுக்கி விழுந்தால்? அதற்கு மட்டும் பில் கிடையாது!

பல தெருக்களில் நடைபாதை என்ற பெயரில் இருப்பது நடைபாதையே அல்ல. மழைநீர் வடிகாலின் மூடி. வடிகால் கட்டினார்கள், மேலே பலகை போட்டார்கள், இதுதான் பிளாட்பாரம் என்றார்கள். வடிகால் எந்த உயரமோ அதுவே நடைபாதையின் உயரம். ஓரிடத்தில் ஒன்றரை அடி. பத்தடி தள்ளி முக்கால் அடி. அடுத்த வீட்டு வாசலில் தரைமட்டம். விதி சொன்ன ஆறங்குலம் எங்கே? முழங்கால் வலிக்காரக் கிழவி ஒன்றரை அடி ஏறுவாளா? ஏற மாட்டாள். தெருவில் இறங்கி நடப்பாள். உடனே கார்க்காரக் கனவான் சொல்வார்: "பிளாட்பாரம் கட்டிக் கொடுத்தாலும் இந்த ஜனங்கள் ரோட்டில்தான் நடக்கிறார்கள்!" ஏணி வைத்துக் கட்டிவிட்டு, ஏறவில்லையே என்று ஏசுகிறார்கள்.

உயரத்தின் கதை இதோடு முடியவில்லை. ரோடு போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டினால் ரோடு வளர்கிறது. இன்று ஆறங்குலம் இருந்த நடைபாதை இரண்டு தடவை ரோடு போட்டதும் காணாமல் போகிறது. பிறகு நடைபாதையை உயர்த்த வேண்டும். வீடுகள் பள்ளத்தில் இறங்கும். மழை வந்தால் தண்ணீர் கூடத்துக்குள் வரும். 2021-இல் தலைமைச் செயலாளரே பழைய தாரைச் சுரண்டிய பிறகே புதுத் தார் போட வேண்டும் என்று உத்தரவிட்டார். சாமி வரம் கொடுத்தது. பூசாரி இடம் கொடுத்தாரா என்பதை ஒவ்வொரு தெருவிலும் நாம் நின்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கான்கிரீட் வேண்டும் என்று கேட்பதால் ஊரையே கான்கிரீட்டால் மூடு என்று கேட்பதாக யாரும் கருத வேண்டாம். மரத்தின் கழுத்து வரை சிமெண்டு பூசுகிறார்களே, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும்? 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டில்லி நகர மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. அந்த நியாயம் நம்மூர் மரத்துக்கும் பொருந்தும். 2016 டிசம்பரில் வார்தா புயல் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்ததைக் கண்டோம். 2021 நவம்பர் மழையில் தியாகராய நகர் மிதந்ததையும் கண்டோம். நூறாண்டுகளுக்கு முன் நீண்ட ஏரியைத் தூர்த்து எழுப்பிய நகர் அது. தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரத்தான் செய்யும். நடக்கும் பட்டைக்குக் கான்கிரீட், மரத்தடிக்கு மண், தண்ணீர் இறங்க வழி. இப்படிப் பிரித்துப் போடுவதற்குப் புது விஞ்ஞானம் தேவையில்லை. பொறுப்பு இருந்தால் போதும்.

சரி, போட்ட நடைபாதையை யார் தின்கிறார்கள்?

இந்தக் கேள்வி வந்ததும் கனவான்களின் விரல் நேராகப் பூக்கூடையை நோக்கி நீள்கிறது. "பிளாட்பாரக் கடைகளால்தான் நடக்க முடியவில்லை!" லாரி வருகிறது, தட்டுகளும் தராசுகளும் அள்ளப்படுகின்றன. விதி தன் வேலையைச் செய்கிறது!

நல்லது. அதே விதி, அதே தெருவில், பத்தடி தள்ளிப் போகட்டுமே! பங்களா வாசலிலிருந்து நடைபாதையைக் குறுக்கே வெட்டி ரோடு வரை சரிந்து இறங்குகிறதே ஒரு சாய்மேடை, அது யாருடையது? கார் ஏறி இறங்க வசதியாக நடைபாதையையே சரித்துவிட்டார்கள். அடுத்த வீட்டில் இன்னொன்று. அதற்கடுத்த வீட்டில் மூன்றாவது. அந்தத் தெருவில் நடப்பது அலையில் படகு போவதைப்போல் ஆகிவிட்டது. சக்கர நாற்காலி கவிழும். குழந்தையைத் தூக்கிப் போகிறவள் தடுமாறுவாள். பொறியியல் சொல்வதென்ன? நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கார்தான் ஏறி இறங்க வேண்டும். இங்கே கார் நிமிர்ந்து போக, மனிதன் ஏறி இறங்குகிறான்!

நடைபாதையில் நிறுத்திய கார் யாருடையது? நடுப்பட்டையில் நிற்கும் மின்பெட்டி யாருடையது? ஓட்டல் வாசலில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் யாருடையவை? நடைபாதை வரை நீண்டுவந்த ஜவுளிக்கடைப் படிக்கட்டு யாருடையது? லாரி அங்கே ஏன் நிற்பதில்லை? பூக்கூடையைத் தூக்க இரண்டு கைகள் போதும். பங்களாச் சாய்மேடையை உடைக்க முதுகெலும்பு வேண்டும்!

தோழர்களே, இந்த இடத்தில் நாம் நேர்மையாகவும் தெளிவாகவும் பேச வேண்டும். நடப்பவனும் நம்மவன், கடை போட்டிருப்பவளும் நம்மவள். நடப்பவனுக்கு வழி வேண்டாம், கடை இருந்தால் போதும் என்று சொன்னால் வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணை வண்டிச் சக்கரத்தடியில் தள்ளுகிறோம். கடை வேண்டாம், வழி இருந்தால் போதும் என்று சொன்னால் கீரைக்காரியின் அடுப்பை அணைக்கிறோம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் சொல்பவர்கள், மூன்றாவதாக அங்கே நிற்கும் காரை நம் கண்ணிலிருந்து மறைக்கிறார்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் பூக்கடை ஒன்று, கீரைக்கடை ஒன்று, இளநீர்க்கடை ஒன்று வைக்கலாமே!

சட்டமும் நம் பக்கம்தான் பேசுகிறது. 1985-இல், பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைக்கும் வழி என்பது உயிர்வாழும் உரிமையின் அங்கம் என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2014-இல் நாடாளுமன்றம் தெருவோர வியாபாரிகள் சட்டத்தை இயற்றியது. முதலில் கணக்கெடு, சான்று கொடு, அதுவரை ஒருவரையும் அப்புறப்படுத்தாதே என்கிறது அச்சட்டம். எங்கே கடை, எங்கே கூடாது என்று சொல்ல ஒரு நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் நூற்றுக்கு 40 பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இவ்வளவும் சட்டத்தில் இருக்கிறது.

நடந்ததைப் பாருங்கள். பாண்டி பஜார் வியாபாரிகளை 2013-இல் நடைபாதையிலிருந்து எடுத்து மாடிக் கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். நடந்து போகிறவனை நம்பிப் பிழைக்கும் கடையை மாடியில் வைத்தால் வியாபாரம் என்ன ஆகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தருகே லூப் சாலையில் மீன் கடைகளை அகற்ற வந்தார்கள். மீனவப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அதே சாலையோரத்தில் நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. இடித்த பிறகு இடம் தேடுவதா? இடம் கொடுத்த பிறகல்லவா இடம் பெயரச் சொல்ல வேண்டும்! முன்பு சொன்ன மூன்று பட்டைகளை நினைத்துப் பாருங்கள். சாலையை ஒட்டிய பட்டையில் கடைக்குக் கோடு போடு. நடுப்பட்டையை நடப்பவனுக்கு விடு. கீரைக்காரிக்கு அந்தக் கோடு தெரிந்தால் அவளே அதைக் காப்பாள். நடப்பவன்தானே அவளுடைய வாடிக்கைக்காரன்!

சிலர் கேட்கலாம்: "மயிலாப்பூர்ச் சந்துகள் பதினைந்தடி அகலம்கூட இல்லை, அங்கே ஆறடி நடைபாதைக்கு எங்கே போவது?" நியாயமான கேள்வி. அத்தகைய சந்துக்கு நடைபாதை வேண்டியதில்லை. அந்தச் சந்து முழுவதுமே நடைபாதைதான். அங்கே நுழையும் வண்டி, மனிதன் நடக்கும் வேகத்தில் போகட்டும். நாம் கேட்பது லஸ் சர்ச் சாலை, இராமகிருஷ்ண மடம் சாலை, கச்சேரி சாலை, எல்.பி. சாலை, உஸ்மான் சாலை போன்ற பெருஞ்சாலைகளில் விதிப்படி நடைபாதை.

இன்னும் சிலர், "அவரவர் வீட்டு வாசலை அவரவர் போட்டுக்கொள்ளட்டுமே" என்று யோசனை சொல்வார்கள். உலகம் அதையும் பார்த்துவிட்டது. பழைய லண்டனில் அவரவர் வாசலுக்கு அவரவர் கல் பாவினார்கள். ஒரு வாசல் மேடு, அடுத்த வாசல் பள்ளம். கடைசியில் 1762-இல் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதிக்குச் சட்டம் போட்டுப் பொறுப்பைப் பொது அமைப்பிடம் கொடுத்தார்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் நடைபாதைகளைப் பழுதாக விட்டது. உடல் ஊனமுற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 140 கோடி டாலர் செலவிட்டுச் சரி செய்வதாக அந்த நகரம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பணக்கார நாட்டிலேயே கைவிட்ட நடைபாதை கடைசியில் கழுத்தைப் பிடிக்கிறது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது என்பதை மாநகராட்சி மறக்க வேண்டாம்.

உச்சநீதிமன்றமும் பேசிவிட்டது. 2025 மே 14-ஆம் நாள், தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஐம்பது நகரங்களில் நடைபாதைகளை இந்திய ரோட்ஸ் காங்கிரஸ் அளவின்படி சோதிக்கச் சொன்னது. நடப்போர் பாதுகாப்புக்கும் சாலை அமைப்புக்கும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் விதிகள் வகுக்க வேண்டும் என்றும் கெடு வைத்தது. ஏன் இந்த உத்தரவு? இதுவரை அந்த அளவு நூல் வெறும் வழிகாட்டி. மீறினால் தண்டனை இல்லை. காண்டிராக்டரின் பில் நிற்பதில்லை. பொறியாளரின் சம்பளம் குறைவதில்லை. வழிகாட்டி விதியாக வேண்டும். விதி காண்டிராக்டின் ஷரத்தாக வேண்டும். ஷரத்தை மீறினால் பணம் நிற்க வேண்டும். இதுவே விஷயத்தின் உயிர்நிலை.

இதற்குத் தக்க தருணமும் இதுதான். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்காகத் திருமயிலையிலும் பனகல் பூங்காவிலும் அடையாற்றிலும் சாலைகளைத் தோண்டினார்கள். வேலை முடிய முடிய மேலே சாலையைத் திரும்பப் போட்டாக வேண்டும். அப்போது பழையபடி இரண்டடிப் பிளாட்பாரம் போட்டுவிட்டுப் போவார்களா, விதிப்படி போடுவார்களா? அன்று ஏமாந்தால் அடுத்த முப்பது ஆண்டுக்கு நமக்கு வாய்ப்பில்லை. மின்கம்பிக்கும் தண்ணீருக்கும் தொலைபேசிக்கும் அடியிலேயே குழாய்வழி வைத்துப் போட்டால் ஆண்டுதோறும் தோண்ட வேண்டியிராது. பெங்களூரில் சில சாலைகளை அப்படித்தான் அமைத்தார்கள். பெங்களூருக்கு முடிந்தது சென்னைக்கு முடியாதா?

ஆகவே நாம் கேட்பவை இவை:

சோதனை செய்த நடைபாதைகளின் அளவைத் தெருவாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும்.

ஆறடிக்குக் குறைந்த, ஆறங்குலத்துக்கு உயர்ந்த, ஏழு நாள் தண்ணீர் காணாத வேலைக்குப் பில் கொடுக்கக்கூடாது.

பங்களாச் சாய்மேடைக்கும் பூக்கூடைக்கும் ஒரே விதி. ஆனால் அகற்றும் வரிசையில் சாய்மேடை முதலில்.

நகர விற்பனைக் குழு கோடு போடாமல் ஒரு கூடையைக்கூடத் தூக்கக்கூடாது.

2014 கொள்கை சொன்ன நூற்றுக்கு 60 எங்கே செலவாகிறது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும்.

கேட்டுவிட்டால் கொடுத்துவிடுவார்களா? நாம் அப்படி நம்பும் குழந்தைகள் அல்ல. தோழர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். செலவில்லாத வேலை. ஓர் அளவு நாடா எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெரு நடைபாதையின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். எத்தனை கம்பம், எத்தனை சாய்மேடை, எத்தனை திறந்த மூடி என்று குறியுங்கள். வேலை நடக்கும் இடத்தில் கலவை போடும் தோழனிடம், தண்ணீர் எத்தனை நாள் காட்டினார்கள் என்று கேளுங்கள். எந்த அளவுக்குப் பில் போட்டார்கள் என்று அளவுப் புத்தகத்தின் நகலை 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2022-இல் வகுத்த விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. அங்கே எழுந்து நின்று இந்தக் கணக்கை வாசியுங்கள். கோஷத்துக்குச் செவி சாய்க்காத அதிகாரி, அங்குலக் கணக்குக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

இன்னொன்று. அளக்கும்போது நடுப்பட்டையில் கொடிக்கம்பம் தென்பட்டால், அது எந்தக் கட்சியுடையது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டாம், எல்லாவற்றையும் எழுதுங்கள். 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பொது இடங்களிலுள்ள கொடிக்கம்பங்களை அகற்ற உத்தரவிட்டது. வழக்கு எப்படிப் போனாலும், நடப்பவனின் ஆறடிக்குள் எந்தக் கொடிக்கும் இடமில்லை. நம் கொடிக்கும்தான்! பிறர் சாய்மேடையைக் கேள்வி கேட்கும் கை, தன் கம்பத்தை முதலில் ஒதுக்கி நட்டால், அந்தக் கைக்கு வலிமை கூடும்.

இந்தக் கான்கிரீட்டைப் போட்டது யார்? நம் கொத்தனாரும் சித்தாளும். இதன்மேல் நடப்பது யார்? அவர்களும் அவர்கள் மக்களும். போடுகிற கைக்கும் நடக்கிற காலுக்கும் இடையே நின்று ஆறடியை மூன்றடியாக்குகிறவன் யார் என்பதே கேள்வி. அவனை அடையாளம் காட்ட ஓர் அளவு நாடா போதும்.

ஆறடி அகலம்! ஆறங்குல உயரம்! எடுங்கள் நாடாவை!